பழைய கம்ப்யூட்டருக்கு வேகம் ஏற்றுவது லாபமா, நஷ்டமா?



சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பலசரக்குக் கடை வைத்திருக்கும் இளைய உறுப்பினர் ஒருவர் நம்மிடம் வந்தார். "அண்ணாச்சி, கடை கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவா ஓடுது. ஒருத்தர், ஒரு பார்ட்டை மாட்டினா பறக்கும்ங்கிறார். இன்னொருத்தர், தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்கங்கிறார். நீங்க ரெண்டையும் பாத்திருப்பீங்க. என்ன செய்யலாம்?" என்று கேட்டார்.

இது நின்றபடியே பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி அல்ல. நம் உறுப்பினர்களில் பலருக்கும் இதே கேள்வி இருக்கிறது என்பதால் இங்கே எழுதுகிறோம். நாம் பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்தவர்கள். கம்ப்யூட்டர் படித்தவர்கள் அல்ல. ஆனால் 30 ஆண்டுகளுக்கு மேலாக அதற்குப் பணம் கொடுத்து வருகிறோம். அதில் பலன் தந்த பணமும் உண்டு, வீணான பணமும் உண்டு. வீணானதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

கணக்குச் சில்லு வாங்கிய கதை

1993-ஆம் ஆண்டு நம் மண்டியில் முதல் கம்ப்யூட்டரை வைத்தோம். 386 என்பார்கள். 40 மெகாபைட் ஹார்டு டிஸ்க், கறுப்பு வெள்ளைத் திரை. நாள்கணக்கை எழுதிப் பேரேட்டில் ஏற்றி, பாக்கிப் பட்டியல் எடுப்பதற்கு ஒரு புரோகிராம். வாடிக்கையாளர் எண்ணிக்கை கூடக்கூட, மாதக் கடைசியில் பாக்கிப் பட்டியல் எடுத்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. விற்றவரைக் கூப்பிட்டுச் சொன்னோம். அவர் மூடியைக் கழற்றி, "இங்கே ஒரு காலி இடம் இருக்கு, அண்ணாச்சி. 387-னு ஒரு சில்லு வச்சா, கணக்குப் போடறது பல மடங்கு வேகமாயிடும்" என்றார்.

'கணக்கு' என்ற சொல் காதில் விழுந்ததே நமக்குப் போதுமானதாக இருந்தது. மண்டியில் நடப்பதெல்லாம் கணக்குத்தானே! கடைச்சிப்பந்தி ஒருவரின் சில மாதச் சம்பளத்தை எடுத்துக் கொடுத்து அந்தச் சில்லை வாங்கி வைத்தோம். மாதக் கடைசி வந்தது. பட்டியல் எடுக்க அதே முக்கால் மணி நேரம்.

விற்றவர் பொய் சொன்னார் என்று நாம் சொல்ல வரவில்லை. 387 உண்மையிலேயே வேகமான சில்லுதான். தசமப் புள்ளி வைத்த பெரிய பெருக்கல், வகுத்தல்களைத் தனியே வாங்கிக்கொண்டு சடுதியில் செய்யும். கட்டட வரைபடம் போடும் பொறியாளருக்கு அது பெரிய உதவி. ஆனால் அந்தச் சில்லிடம் வேலையை ஒப்படைக்கும்படி எழுதப்பட்ட புரோகிராமுக்குத்தான் அது உதவும். நம் புரோகிராம் அப்படி எழுதப்பட்டதல்ல. அதோடு, அந்த முக்கால் மணி நேரத்தில் பெரும்பகுதி ஹார்டு டிஸ்க் தேடுவதிலும், பிரிண்டர் வரி வரியாக அடிப்பதிலுமே கழிந்துகொண்டிருந்தது. மூட்டை இறக்க ஆள் இல்லாமல் வாசலில் லாரி நிற்கும்போது, எடை போடுவதற்கு இன்னொரு ஆளை அமர்த்தியது போன்ற காரியத்தைத்தான் நாம் செய்திருந்தோம்.

இப்படி ஒரு குறிப்பிட்ட வேலையை மட்டும் வாங்கிக்கொண்டு வேகமாகச் செய்யும் உறுப்புக்கு ஆங்கிலத்தில் 'ஆக்சிலரேட்டர்' என்று பெயர். தமிழில் வேகமூட்டி எனலாம். காலத்துக்குக் காலம் அதன் பெயர் மாறுகிறது. விற்பவர் பேசும் பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது.

ஒரே தவறை இரண்டாம் முறை செய்தோம்

ஒரு முறை அடிபட்டவன் மறுமுறை கவனமாக இருப்பான் என்பார்கள். நாம் இருக்கவில்லை.

2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தது. 2015-இல் வாங்கிய கம்ப்யூட்டரே அப்போது நம்மிடம் ஓடிக்கொண்டிருந்தது. இன்டெல் நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜி.பி. ரேம், 500 ஜி.பி. ஹார்டு டிஸ்க். வரிக் கணக்குக்காகப் புரோகிராம் பெரிதாயிற்று. 2018 நடுவில் காலையில் சுவிட்சைப் போட்டால் முதல் பில் போடும் திரை வருவதற்கு 9 நிமிடம். வாசலில் டெம்போக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார்.

நம் மகன் ஒரு வாரம் செல்போனில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, எது எதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு நோட்டில் எழுதினார். கடைசியில், "அப்பா, கோளாறு ஹார்டு டிஸ்க்கில்தான். இடையிடையே டக் டக்னு சத்தம் வேற வருது. அதை மாத்திடுவோம்" என்றார். நாம் அந்த நோட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. நமக்கு நெடுநாள் பழக்கமான வியாபாரி ஒருவர், "திரை வர்றதுதானே லேட்டாகுது? கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு போட்டுடுவோம்" என்றார். பழகியவர் சொல்லும்போது மகன் சொல்வது காதில் ஏறுவதில்லை. ரூ. 3,200 கொடுத்துக் கார்டைப் போட்டோம்.

கிராபிக்ஸ் கார்டு என்பது திரையில் படம் வரைவதற்கான வேகமூட்டி. வீடியோ வெட்டி ஒட்டுபவருக்கும், விளையாட்டுப் பிள்ளைகளுக்கும், கல்யாண ஆல்பம் தயாரிக்கும் ஸ்டுடியோக்காரருக்கும் அது அவசியம். பில் போடும் திரையில் இருப்பவை எழுத்தும் கட்டமும்தான். அதற்கு ஐ3 சில்லுக்குள்ளேயே இருக்கும் வசதி தாராளம். ஆகவே கார்டு வந்த பிறகும் காலையில் அதே 9 நிமிடம்தான்.

அந்த ஆண்டு நவம்பர் 6-ஆம் தேதி தீபாவளி. அதற்கு முந்தின வாரம், சரக்கு குவிந்து கிடக்கிற நேரத்தில், ஹார்டு டிஸ்க் நின்றுபோனது. மீட்டுத் தருகிறோம் என்று சொன்ன வெளியூர்க்காரர்கள் பெரிய தொகை கேட்டார்கள். கிடைக்கும் என்ற உறுதியும் தரவில்லை. நாம் கடைசியாகப் பிரதி எடுத்து வைத்தது 19 நாளுக்கு முன்பு.

அந்த 19 நாளின் பில்களுக்குக் கார்பன் நகல் இருந்தது. வசூலுக்குப் போன பையன் கொடுத்த ரசீதுகளுக்கு அடிக்கட்டை இருந்தது. வங்கி வழியாக வந்ததற்கு வங்கிக் கணக்கு இருந்தது. கல்லாவில் நேராகக் கொடுத்துவிட்டுப் போன ரொக்கத்துக்கு மட்டும் நம்மிடம் ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டர் இருக்கிறதே என்று ரொக்கச் சிட்டை எழுதுவதை நிறுத்தி வருடக்கணக்காகியிருந்தது.

அறுபதுக்கு மேற்பட்ட சில்லறைக் கடைக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டோம். "உங்க கணக்குப்படி பாக்கி எவ்வளவு?" என்று கேட்பதற்கே நமக்கு நாக்கு கூசியது. பெரும்பாலோர் தங்கள் சிட்டையைப் பார்த்துச் சொன்னது நம் கணக்கோடு ஒத்துப் போயிற்று. கிராமத்தில் சின்னக் கடை வைத்திருக்கும் ஒருவர், "அண்ணாச்சி, நீங்க 11,700-ங்கிறீங்க. என் சிட்டையில 14,200 இருக்கு. பில் போடறதுக்கு முந்தியே ஒரு மூட்டை துவரம்பருப்பை பஸ்ஸுல ஏத்திவிட்டீங்களே, அது விட்டுப்போச்சு போல" என்றார். அவர் சொல்லியிராவிட்டால் அந்த மூட்டை நம் நினைவுக்கு வந்திருக்காது.

இரண்டு பேர், கல்லாவில் கட்டிவிட்டோம் என்றார்கள். நாம் ஏற்றுக்கொண்டோம். எல்லாம் சரிபார்த்த பிறகும் ரூ. 38,000 அளவுக்குத் துண்டு விழுந்தது. பணம் போனதைவிட நம்மை அதிகம் வருத்தியது வேறு. அந்த இருவரும் 20 ஆண்டு வாடிக்கையாளர்கள். உண்மையாகவே கட்டியும் இருக்கலாம். இன்றைக்கும் அவர்கள் கடைக்குள் நுழையும்போது அந்தத் தொகை நம் மனத்தில் வந்து நிற்கிறது. அவர்கள் மீது சந்தேகம் கொள்ள வேண்டிய நிலையை உண்டாக்கியது நம் அசட்டையே அன்றி, அவர்கள் அல்ல.

கார்டுக்குக் கொடுத்த அந்த 3,200 ரூபாயை ஒட்டிய விலையில் அன்றைக்கு 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று கிடைத்துக்கொண்டிருந்தது.

தாமதம் எங்கே இருக்கிறது?

தீபாவளி முடிந்த பிறகுதான் மகனின் நோட்டை வாங்கிப் பார்த்தோம். 12 உருப்படி உள்ள ஒரு பில்லுக்கு மொத்தம் 170 விநாடி. அதில் வாடிக்கையாளர் சரக்கைச் சொல்லி, விலையை உறுதிசெய்ய 45. கணக்கப்பிள்ளை தட்டச்சு செய்ய 60. கம்ப்யூட்டர் யோசிப்பது 35. பிரிண்டர் அடிப்பது 30.

இதைப் பாருங்கள். எவ்வளவு விலை கொடுத்து எந்த வேகமூட்டியைப் போட்டாலும், அது அந்த 35 விநாடிக்குள்தான் விளையாட முடியும். கம்ப்யூட்டர் மின்னல் வேகத்தில் ஓடினாலும் பில்லுக்கு 135 விநாடி ஆகியே தீரும். 1967-ஆம் ஆண்டிலேயே ஜீன் ஆம்டால் என்ற அமெரிக்கக் கம்ப்யூட்டர் வல்லுநர் இந்த உண்மையை எடுத்துச் சொல்லியிருக்கிறார் என்றும், அவர் பெயராலேயே அது ஒரு விதியாக வழங்குகிறது என்றும் மகன் சொன்னார். ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் வேகப்படுத்தினால், மொத்தத்தில் கிடைக்கும் லாபம் அந்தப் பகுதியின் அளவைத் தாண்டாது என்பதே அது. லாரி வைத்து வியாபாரம் செய்யும் நமக்கு இது புதிதா? செக்போஸ்ட்டில் மூன்று மணி நேரம் நிற்கிற லாரிக்குப் பெரிய இன்ஜின் வைத்து என்ன பயன்?

புதிய எஸ்.எஸ்.டி. போட்ட பிறகு அந்த 35 விநாடி 6 ஆயிற்று. பில் 141 விநாடியில் முடிந்தது. ஆறில் ஒரு பங்குதான் மிச்சம். ஆனால் நாளொன்றுக்கு 80 பில் போடுகிற இடத்தில் அது 38 நிமிடத்துக்கு மேல். காலையில் 9 நிமிடமாக இருந்தது ஒரு நிமிடமாயிற்று. கொடுத்த பணம் சீசன் முடிவதற்குள் திரும்பிவிட்டது என்றே கருதுகிறோம்.

இந்தச் சோதனையை எந்த உறுப்பினரும் தம் கடையில் செய்து பார்க்கலாம். செலவில்லை. விண்டோஸ் கம்ப்யூட்டரில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' என்ற பலகை திறக்கும். சிபியு, மெமரி, டிஸ்க் என்று எத்தனை சதவீதம் வேலை நடக்கிறது என்று காட்டும். கம்ப்யூட்டர் மெதுவாகிற நேரத்தில் அதைப் பார்க்க வேண்டும்.

டிஸ்க் 100 சதவீதத்தில் நின்று, சிபியு 10, 20 என்று சும்மா இருந்தால் கோளாறு டிஸ்க்கில். மெமரி 90 சதவீதத்தைத் தொட்டு நின்றால் ரேம் போதவில்லை. சிபியு 100-இல் நின்றால் சில்லுக்கே வயதாகிவிட்டது, அல்லது வைரஸ் போன்ற வேண்டாத ஏதோ ஒன்று உள்ளே ஓடுகிறது. மூன்றும் சும்மா இருந்தும் நாம் காத்திருக்கிறோம் என்றால் தாமதம் வெளியே இருக்கிறது. இன்டர்நெட் இணைப்போ, இ-இன்வாய்ஸ் தளமோ, செல்போனுக்கு வர வேண்டிய ஓ.டி.பி.யோ, தேய்ந்துபோன பிரிண்டரோ காரணமாக இருக்கும். அதற்குக் கம்ப்யூட்டருக்குள் எதை மாட்டியும் பலனில்லை.

எதற்கு எது மருந்து

ஹார்டு டிஸ்க் என்பது சுழலும் தட்டு. நிமிடத்துக்கு 7,200 சுற்று. கை நகர்ந்து, தட்டு சுழன்று, தேடும் இடம் கைக்குக் கீழே வருவதற்குள் ஏறக்குறைய 12 மில்லி விநாடி ஆகிவிடும். அதாவது, இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும் தகவலை விநாடிக்கு 80 முறைதான் எடுத்து வர முடியும். கிடங்கின் கடைசி மூலைக்கு ஒவ்வொரு சிட்டைக்காகவும் நடந்து போய் வரும் கணக்கப்பிள்ளை போன்றது அது. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே கிடையாது. மேஜை மேலேயே எல்லாச் சிட்டையும் விரித்து வைத்தது போல, விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை எடுக்கும். பத்து வருடக் கம்ப்யூட்டரிலும் 'சாட்டா' என்ற இணைப்பு இருக்கும் என்பதால் 2.5 அங்குல எஸ்.எஸ்.டி. பொருந்திவிடும். 'என்.வி.எம்.இ.' என்ற மெல்லிய பலகை வடிவில் வருவது இன்னும் வேகம். ஆனால் மதர்போர்டில் அதற்கான துளை இருக்க வேண்டும்.

ரேம் வாங்கும்போது வகையைப் பார்க்க வேண்டும். டி.டி.ஆர்.3 இருக்கும் இடத்தில் டி.டி.ஆர்.4 உட்காராது, வெட்டே வேறு. 32-பிட் விண்டோஸ் போட்டிருந்தால் 4 ஜி.பி.க்கு மேல் வைத்தாலும் அது பயன்படாது. மேலும் 2025-இன் பிற்பகுதியில் ஏ.ஐ. கம்ப்யூட்டர் மையங்களுக்குத் தேவை கூடியதால் ரேம் விலை கடுமையாக ஏறியது. பருப்புக்கு விசாரிப்பது போல அன்றன்றைய விலையை இரண்டு இடத்தில் விசாரித்துவிட்டே வாங்க வேண்டும்.

பழைய சரக்கைத் தள்ளிவிடுபவர்களும் உண்டு. ஹார்டு டிஸ்க்குக்குத் துணையாக நின்று வேகம் கொடுக்கும் 'ஆப்டேன் மெமரி' என்ற சிறு பலகையை இன்டெல் 2017-இல் கொண்டு வந்தது. இன்டெல் ஏழாம் தலைமுறையும், அதற்கேற்ற மதர்போர்டும் இருந்தால்தான் அந்த வேலைக்குப் பயன்படும். எஸ்.எஸ்.டி. விலை இறங்கியதும் அதன் தேவையும் குறைந்தது. 2022-இல் ஆப்டேன் தொழிலையே மூடப்போவதாக இன்டெல் அறிவித்துவிட்டது. மலிவாகத் தருகிறேன் என்று யாராவது நீட்டினால் வாங்கிவிட வேண்டாம்.

2024 முதல் 'ஏ.ஐ. பி.சி.' என்ற பெயர் அடிபடுகிறது. அதில் என்.பி.யு. என்று ஒரு பகுதி. அதுவும் ஒரு வேகமூட்டியே. பேச்சை எழுத்தாக்குவது, படத்தைத் திருத்துவது போன்ற ஏ.ஐ. வேலைகளுக்காக ஏற்பட்டது. வருங்காலத்தில் நம் கணக்குப் புரோகிராம்களும் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் வாங்கும் முன்பு, "எங்கள் பில்லிங் புரோகிராம் இதற்கு வேலை கொடுக்கிறதா?" என்று புரோகிராம் தந்தவரிடம் கேட்டுவிட வேண்டும். 1993-இல் அந்த ஒரு கேள்வியை நாம் கேட்டிருந்தால் 387 வாங்கியிருக்க மாட்டோம்.

எப்போது வேண்டாம்?

பழையதையே தட்டிக்கொட்டி ஓட்டுவதுதான் சிக்கனம் என்று நாம் வாதாடுவதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. எஸ்.எஸ்.டி.யும், மொத்தம் 8 ஜி.பி. ரேமும் போட்ட நம் 2015 கம்ப்யூட்டர் அதன் பிறகு ஏழு ஆண்டு குறையில்லாமல் உழைத்தது. ஆனால் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பை மைக்ரோசாப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 போட வேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் சில்லாக இருந்தால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் குறையாததும் வேண்டும். நம்முடையது நான்காம் தலைமுறை. தடையைத் தாண்டி ஏற்றித் தருகிறேன் என்றார் ஒருவர். அப்படி ஏற்றிய கம்ப்யூட்டருக்குத் தொடர்ந்து புதுப்பிப்பு வரும் என்று மைக்ரோசாப்ட் உறுதி தருவதில்லை.

அதிலேயே வங்கிக் கணக்கையும், ஜி.எஸ்.டி. கடவுச்சொல்லையும் வைத்துக்கொண்டு, ஓடுகிற வரை ஓடட்டும் என்று விடுவது பூட்டில்லாத கடைக்குப் புதுச் சுண்ணாம்பு அடிப்பதற்குச் சமம். வணிக நிறுவனங்கள் கட்டணம் கட்டி 2028 அக்டோபர் வரை நீட்டித்துக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். முதல் ஆண்டுக்கு ஒரு கம்ப்யூட்டருக்கு 61 டாலர். ஆண்டுக்கு ஆண்டு அது இரட்டிப்பாகும். பத்து வருடப் பழைய மிஷினுக்கு அந்தப் பணம் தகாது என்று முடிவுசெய்து, 2025 நவம்பரில் புதிதாக ஒன்று வாங்கினோம்.

பழையதைத் தூக்கி எறியவில்லை. இன்டர்நெட் வயரைக் கழற்றிவிட்டு, பழைய வருடக் கணக்குப் பார்ப்பதற்காக ஓரமாக வைத்திருக்கிறோம். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டுமல்லவா! இன்டர்நெட் இல்லாமல் பில் போடுவதற்கு மட்டும் பயன்படுத்துகிறவர்கள், பழையதிலேயே எஸ்.எஸ்.டி. போட்டு இன்னும் சில ஆண்டு ஓட்டுவதில் தவறில்லை.

செலவைக் கணக்கிடும் விதம்

உறுப்பின் விலையை மட்டும் பார்க்கக் கூடாது. பழையதிலிருந்து புதியதுக்குத் தகவலை மாற்றும் கூலி, புரோகிராம் லைசென்ஸை மறுபடி இயக்கும் கட்டணம், அரை நாள் பில் போடாமல் நிற்பது எல்லாம் சேர வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இங்கேதான் பொருந்தும். கட்டிய ஜி.எஸ்.டி.யை வழக்கமான பதிவுள்ளவர்கள் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சில்லறை வியாபாரிகளுக்கு அது கிடையாது. வரியோடு சேர்ந்ததே அவர்களுக்கு விலை.

நாம் கையாளும் கணக்கு எளியது. மொத்தச் செலவு, புதிய கம்ப்யூட்டர் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். அந்த மிஷின் இன்னும் இரண்டு ஆண்டாவது பாதுகாப்பாக ஓட வேண்டும். தாமதம் அந்த உறுப்பில்தான் இருக்கிறது என்று நம் கண்ணாலேயே பார்த்திருக்க வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால் பணத்தைப் போடலாம். ஒன்று தவறினாலும் பணம் பையிலேயே இருக்கட்டும்.

எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் கணக்கைப் பிரதி எடுத்துவிட வேண்டும். எஸ்.எஸ்.டி. ஹார்டு டிஸ்க்கைப் போல டக் டக் என்று எச்சரிக்காது. ஒரு நாள் சத்தமில்லாமல் நின்றுவிடும். மூன்று பிரதி, இரண்டு வகைப் பொருளில், ஒன்று கடைக்கு வெளியே என்பது தொழில் தெரிந்தவர்கள் சொல்லும் முறை. கடையில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று வைத்துக்கொண்டாலே பாதிக் கவலை தீரும். கழற்றிய பழைய டிஸ்க்கை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடவும் வேண்டாம். அதில் நம் வாடிக்கையாளர்களின் பாக்கியும், நம் கொள்முதல் விலையும் இருக்கின்றன.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

தராசுக்கு முத்திரை வைக்க முகாம் போடும் நம் சங்கம், ஆண்டுக்கு ஒரு நாள் கம்ப்யூட்டர் சோதனைக்கும் ஒதுக்கலாம். எந்தக் கம்பெனிப் பொருளையும் விற்காத, விவரம் தெரிந்த ஒருவரை அழைத்து, உறுப்பினர்கள் கொண்டுவரும் டாஸ்க் மேனேஜர் படத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னால் போதும். விற்பவரிடமே ஆலோசனை கேட்கும் பழக்கத்திலிருந்து நாம் விடுபட அது உதவும். நிர்வாகிகள் இதை ஆலோசிக்க வேண்டும்.

நம்மிடம் கேள்வி கேட்ட அந்த இளைய உறுப்பினரிடம், ஒரு வாரம் கடிகாரம் வைத்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தோம். வந்தார். 2019-இல் வாங்கியது, எட்டாம் தலைமுறை ஐ3, 4 ஜி.பி. ரேம், சாதாரண ஹார்டு டிஸ்க். செல்போனில் எடுத்து வந்த படத்தில் டிஸ்க் 100, மெமரி 90. விண்டோஸ் 11 ஏற்கும் என்று சோதித்தும் பார்த்திருந்தார். "எஸ்.எஸ்.டி.யும் இன்னொரு 4 ஜி.பி.யும் போடுங்கள், புதுசு இப்போதைக்கு வேண்டாம்" என்றோம்.

"கடைசியா எப்போ பிரதி எடுத்தீங்க?" என்று கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை; தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். அன்றைக்கு ராத்திரியே எடுத்து வீட்டில் வைத்துவிட்டதாக மறுநாள் காலையில் போன் வந்தது.